ஆறாவது கொக்கி

கோழியக்கா என்று கூப்பிட்டால் அவளுக்கு இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. வந்த காலம் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், கையில் இருப்பது கத்தரிக்கோலா துடைப்பமா என்றுகூடப் பார்க்காமல் ஓங்கிக்கொண்டு போவாள். முதலில் வெறும் கோழிதான். முடி நரைக்க ஆரம்பித்ததும் பின்னால் ஓர் அக்கா வந்து ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷ வேலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

வேலை, பாராசூட் மடிப்பது. விமானத்திலிருந்து குதிக்கிற பட்டாளத்துக்காரர்களின் முதுகில் தொங்குகிறதே மூட்டை, அதற்குள் இருக்கிற துணியை மடித்துத் திணித்துக் கொடுக்கிற கூடம் ஓடுபாதைக்கு ஓரத்தில் இருந்தது. நீளமான தகரக் கொட்டகை. உள்ளே முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்து வழவழத்த மூன்று மேசைகள். மேசைக்கு இரண்டு பேராக ஆறு பெண்கள். துணியை விரிக்க வேண்டும், பிசிறில்லாமல் மடிப்பு மடிப்பாகப் படிய வைக்க வேண்டும், கயிறுகளைச் சிக்கில்லாமல் நீவிவிட வேண்டும், பிறகு ஒரு சாண் நீள இரும்புக் கொக்கியால் கயிற்றைக் கொத்துக் கொத்தாக ரப்பர் வளையங்களுக்குள் இழுத்து மாட்ட வேண்டும். மூட்டையைக் கட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. கையெழுத்துதான் பயமாக இருந்தது.

அந்த விமானத் தளத்தில் குதிக்கிற பட்டாளங்கள் இரண்டு. முதல் பட்டாளத்துக்கு வவ்வால்கள் என்று பெயர். எந்தக் காலத்திலோ அவர்கள் காட்டுக்கு மேலே குதித்துப் பாதிப் பேர் மரத்தில் தலைகீழாக மாட்டிக்கொண்டார்களாம். இறக்கிவிட வந்த இரண்டாம் பட்டாளத்துக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து வைத்த பெயர் அது. பதிலுக்கு இவர்கள், சிவப்புத் தொப்பி போட்டிருந்த இரண்டாம் பட்டாளத்துக்குச் சேவல் என்று வைத்தார்கள். பறக்கத் தெரியாது, சுவரிலிருந்து படபடவென்று விழத்தான் தெரியும் என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், எதிராளி திட்டி வைத்த பெயரையே இரண்டு கூட்டமும் எடுத்துத் தங்கள் வாசல் வளைவில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். ரோஷமாம்!

நம்மவள் கட்டிக்கொண்டது ஒரு சேவலை. சேவல் பெண்டாட்டி கோழிதானே? பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

புருஷன் இரண்டாம் பட்டாளத்து மூத்த சார்ஜென்ட். பட்டப்பெயர் கொண்டை. தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது; அதனால்தான் கொண்டை. தினமும் காலையில் சேவல்கள் அணிவகுத்து நின்றதும் தொண்டையைத் திறந்து ஒரு கூவல் கூவுவான் பாருங்கள், பக்கத்து மைதானத்தில் வவ்வால்களின் கையிலிருக்கும் டீ தளும்பும். அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பொழுதே விடியும். காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்க் கூவிவிட்டு வந்து படுத்தான். "உங்களுக்குக் குடும்பம் முக்கியமா, கொக்கரக்கோ முக்கியமா?" என்று அவள் கேட்டதற்கு, நெடுநேரம் யோசித்தான் கடன்காரன்.

வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு பட்டாளத்துக்கும் போட்டி. பக்கத்துக்கு இருபத்து நான்கு பேர். காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம். மைதானத்தில் விரித்திருக்கும் வெள்ளைத் துணியின் மேல் யார் அதிகம் இறங்குகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். இதில் ஓர் எழுதாத சட்டம் உண்டு. தோற்ற பக்கம் தோற்றோம் என்று சொல்லாது. "காத்து சரியில்லை" என்று சொல்லும். அப்படிப் பார்த்தால் அத்தனை வருஷத்திலும் இரண்டு பட்டாளமும் தோற்றதே கிடையாது, காற்றுதான் தோற்றுக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்து வாயிலிருந்து தோற்றோம் என்ற சொல் முதலில் விழுகிறதோ, அந்தப் பக்கம் தன் பட்டப்பெயரை வாசலிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று அப்பன் காலத்துப் பந்தயம். சேவல்கள் என்றால் அதோடு கூவலையும் நிறுத்திவிட வேண்டும்.

போட்டிக்கு முந்தின வாரம் முழுக்கக் குறும்புதான். சேவல்கள் ராத்திரியோடு ராத்திரியாக வவ்வால்களின் ஜீப்பில், கொடிக்கம்பத்தில், கக்கூஸ் கதவில்கூடச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவார்கள். சேவல் கொண்டையாம். வவ்வால்கள் விடிந்ததும் விடியாததுமாக அதைத் தேடித் தேடிப் பிய்த்தெறிவார்கள். போன வருஷம் கொண்டை இன்னும் ஒருபடி மேலே போனான். மைதானத்துப் பெரிய அதிகாரியின் குரலில் வயர்லெஸ்ஸில் பேசி, "காற்று பலமாக இருக்கிறது, திரும்பி வா" என்று வவ்வால்களின் விமானத்தையே திருப்பிவிட்டான். அவர்கள் சந்தேகப்பட்டு அவனையே கூப்பிட்டுக் கேட்டதற்கு, விளையாட்டில்லை, நிஜம் என்று சத்தியம் வேறு பண்ணினான். அவர்களுக்கு நேரம் போய், போட்டியும் போனது. வீட்டுக்கு வந்து அவன் உருண்டு புரண்டு சிரித்தபோது அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இந்த வருஷம் போட்டிக்கு முந்தின நாள் மழை. மடிப்புக்கூடத்துக் கூரை ஒழுகி, வவ்வால்களுக்கென்று கட்டி வைத்த இருபத்து நான்கு மூட்டைகளும் நனைந்து போயின. வேறு துணி எடுத்து, காலையில் ஆறு பெண்களும் வந்து ஆளுக்கு நான்காக மடித்துக் கட்டினார்கள். எட்டு மணிக்கு வேலை முடிந்தது. மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்க்க மேற்பார்வையாளரோடு லாரியில் ஏறி மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கூடத்தின் மூத்தவள் என்பதால் சாமான்களைச் சரிபார்த்து மூடுவது கோழியக்காவின் வேலை.

சுவரில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்தையே கறுப்பாக வரைந்து ஆணி அடித்திருக்கும். கத்தரிக்கோல் ஆறு, இருந்தது. அளவுகோல் மூன்று, இருந்தது. கொக்கி ஐந்துதான் தொங்கியது. ஆறாவது ஆணிக்குக் கீழே வெறும் கறுப்பு உருவம்.

முதலில் அவள் பதறவில்லை. ஏப்ரனை உதறினாள். மேசைக்கு அடியில் மண்டி போட்டுத் தேடினாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். கழிவறைத் தொட்டி வரைக்கும் பார்த்தாள். மறுபடியும் பலகைக்கு வந்து எண்ணினாள், ஏதோ இவள் போன நேரத்தில் அது தானாக வந்து மாட்டிக்கொண்டிருக்கும் என்பதைப் போல. ஐந்துதான். கூடத்தில் இல்லையென்றால் மூட்டையில்தான் இருக்கிறது. இருபத்து நான்கில் எது என்று யாருக்குத் தெரியும்?

கயிற்றுக் கொத்துக்குள் ஓர் இரும்புக் கொக்கி கிடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிறுகள் அதில் மாட்டி முறுக்கிக்கொள்ளும். துணி விரியாது. போட்டிக்குத் தாழ்வாகப் பறந்துதான் குதிப்பார்கள். வயிற்றில் கட்டியிருக்கிற இரண்டாவது பாராசூட்டைத் திறக்க அந்த உயரத்தில் நேரம் கிடையாது.

சந்தேகமான மூட்டைக்கு மஞ்சள் அட்டை கட்ட வேண்டும் என்பது விதி. மஞ்சள் அட்டை தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவசரத்துக்குப் பாவமில்லை என்று, மூலையில் கிடந்த பழைய அபாயக் கொடியை எடுத்துக் கத்தரித்து, இருபத்து நான்கு மூட்டைகளின் கைப்பிடியிலும் ஒவ்வொரு துண்டாகக் கட்டினாள். சிவப்புத் துண்டு. ஊரெல்லாம் சிவப்பு என்றால் அபாயம்தானே! அந்த ஒரு வாரத்தில், அந்த ஒரு தளத்தில் மட்டும் சிவப்புக்கு வேறு அர்த்தம் என்பது, சேவலுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆன அவளுக்கா தோன்றாமல் போக வேண்டும்? தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

மாற்று மூட்டைகளைக் கொண்டுவரக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள். கிடங்குக்காரன் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, நிதானமாகத் துடைத்து, நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினான். திரும்பி வந்து பார்த்தபோது மேசைகள் மூன்றும் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தன.

அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் இருபத்து நான்கு சிவப்புத் துண்டுகளையும் முடிந்து வால் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். மேசையில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது: 'கோழியக்கா, இந்த வருஷம் உங்க பாச்சா பலிக்காது. இப்படிக்கு வவ்வால்கள்.'

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே இன்ஜின் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினாள். விமானம் ஓடுபாதையின் கடைசிக்குப் போய்த் திரும்பி நின்றது. கையைக் காட்டினாள், கத்தினாள். அத்தனை இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அது அவள் முன்னாலேயே ஓடி, எழும்பி, மேலே போய்விட்டது. முதல் சுற்றில் காற்றுப் பார்க்கக் காகிதம் போடுவார்கள், இரண்டாவது சுற்றில் எல்லாரையும் எழுப்பி நிறுத்துவார்கள், மூன்றாவது சுற்றில் குதிப்பார்கள். கூடிப்போனால் இருபது நிமிஷம்.

கூடத்திலிருந்த போனில் மைதானத்தைக் கூப்பிட்டாள். காலைக் கூட்டம் வவ்வால்களுடையது என்பதால் அங்கே போனிலும் அவர்கள் ஆள்தான் உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கர் என்று பெயர். ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கிற தொண்டை.

"தம்பி, நான் மடிப்புக்கூடத்துல இருந்து பேசறேன். விமானத்தை உடனே திருப்பச் சொல்லு. மூட்டைக்குள்ள கொக்கி கிடக்குது."

"யாரு, கோழியக்காவா? வாங்கக்கா, வாங்க! என்னடா இன்னும் போன் வரலையேன்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம்."

"டேய், விளையாடாதே. நிஜமாவே ஒரு கொக்கியக் காணோம். அதுக்குத்தான் துணி கட்டி வெச்சேன். நீங்க பிச்சுப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

"போன வருஷம் காத்து, இந்த வருஷம் கொக்கியா? உங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் யோசிக்கிறாரு. ஆனா ஒரே குழியில ரெண்டு தடவை விழ நாங்க என்ன சேவலா?"

"உன் கால்ல வேணாலும் விழறேன்டா. மேற்பார்வையாளரைக் கூப்பிடு. பெரிய அதிகாரியைக் கூப்பிடு."

"அவரு கூடாரத்துல விருந்தாளிங்களோட உக்காந்திருக்காரு. இதப் போய்ச் சொன்னா என் தோலை உரிச்சிடுவாரு. அக்கா, அழுகை மட்டும் பிரமாதம். வெச்சிடறேன்."

வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. விமானக் கோபுரத்துக்கு அடித்தாள். அங்கே இருந்தவர் மரியாதையானவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், இருங்கம்மா விசாரிக்கிறேன் என்றார். ஒரு நிமிஷம் கழித்து வந்து, "மைதானத்துல கேட்டுட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

"யாரைக் கேட்டீங்க?"

"அதான், ஸ்பீக்கர் தம்பியத்தான்."

அவள் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். சேவல்கள் மதியக் கூட்டத்துக்காகக் காத்திருக்கிற கொட்டகை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். ஐம்பதைத் தொடப்போகிற உடம்பு, மூட்டு வலி வேறு. பாதி வழியில் ஒரு செருப்பு அறுந்தது, இன்னொன்றை அவளே உதறினாள். விமானம் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் முதல் சுற்றை முடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றிலிருந்து வண்ணக் காகிதம் நெளிந்து நெளிந்து இறங்கியது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வரவில்லை.

கொட்டகைக்குள் சேவல்கள் வயர்லெஸ்ஸைச் சுற்றி உட்கார்ந்து வவ்வால்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்ததும் ஒரே கைதட்டல். "அண்ணி, கேட்டோம் அண்ணி! ஸ்பீக்கரை என்னமா மிரட்டியிருக்கீங்க!"

அட பாவிகளா, இவர்களுமா!

கொண்டை மட்டும் கை தட்டவில்லை. அவன் அவளுடைய வெறும் காலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பத்தொன்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு அந்த முகம் போதும்.

"எந்த மூட்டை?" என்றான்.

"தெரியாதுங்க. இருபத்து நாலுல ஒண்ணு."

கொட்டகையில் சத்தம் அடங்கியது. அவன் வயர்லெஸ்ஸை எடுத்து விமானத்தைக் கூப்பிட்டான். விமானத்தில் கதவோரம் நின்று ஆட்களை இறக்கிவிடுகிறவன் வவ்வால்களின் மூத்த சார்ஜென்ட். தலைகீழ் என்று பெயர். கொண்டையும் அவனும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒருவன் முகத்தில் ஒருவன் கரி பூசாமல் ஒரு வருஷம் போனதில்லை. ஒருவன் வீட்டில் விசேஷம் என்றால் இன்னொருவன் வராமலும் இருந்ததில்லை.

"தலைகீழு, நான் கொண்டை பேசறேன். யாரையும் இறக்காதே. மூட்டையில கோளாறு. திரும்பி வா."

இரைச்சலுக்கு நடுவே சிரிப்புச் சத்தம் வந்தது. "போன வருஷம் குரலை மாத்தினே. இந்த வருஷம் பொண்டாட்டியையே களத்துல இறக்கிட்டியாமே! வெக்கமா இல்ல உனக்கு?"

"டேய், என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"சத்தியம் போன வருஷமும் பண்ணினே."

"அது விளையாட்டு. இது நிஜம்டா."

"அதையும் போன வருஷம் சொன்னே. போ, போய்த் தானியம் பொறுக்கு. ரெண்டாவது சுத்து வந்தாச்சு, என் ஆளுங்க எழுந்து நிக்கறாங்க."

புலி வருகிறது என்று சொன்னவனும் அவன்தான், இப்போது நிஜப்புலி வந்து நிற்கிறபோது கத்துகிறவனும் அவன்தான். செவிடன் காதில் ஊதிய சங்காக அவன் குரல் மேலே போய்க் கரைந்தது. கொட்டகைக்கு மேலாக விமானம் இரைந்துகொண்டு திரும்பியது. இன்னும் ஒரு சுற்று.

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "அந்த வார்த்தையச் சொல்லுங்க."

"எந்த வார்த்தை?"

"எந்த வார்த்தைன்னு உங்களுக்குத் தெரியாதா? எந்தச் சேவலும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாத வார்த்தை. அதச் சொன்னா நம்புவாங்க. வேற எதச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

அவன் முகம் பேயறைந்தது போலானது. சுற்றி நின்ற இருபத்து மூன்று சேவல்களும் அவனைப் பார்த்தார்கள். ஒருவன், "சார்ஜென்ட், அது மட்டும் வேணாம்" என்றான். இன்னொருவன் திரும்பிக்கொண்டான்.

"வேற ஏதாவது கேளு," என்றான் கொண்டை அவளிடம். கெஞ்சினான். "லாரிய எடுத்துட்டு மைதானத்துக்குப் போகலாம்."

"லாரி போய்ச் சேர்றதுக்குள்ள ஒருத்தன் தரைக்கு வந்து சேர்ந்துடுவான்! அப்புறம் கூவிக்கிட்டே இருங்க. தினமும் கூவுங்க. அந்தப் பொண்டாட்டி பிள்ளைங்க காதுல விழற மாதிரி நல்லாக் கூவுங்க!" அவள் அவன் நெஞ்சில் குத்தினாள். பிறகு, அத்தனை பேருக்கு முன்னால், அவன் காலைப் பிடித்தாள்.

அவன் வயர்லெஸ் பொத்தானை அழுத்தினான். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான்.

"தலைகீழு. நான் கொண்டை. நாங்க தோத்துட்டோம்." மூச்சு விட்டான். "போன வருஷம் நாங்க ஜெயிச்சது ஏமாத்து. அதுக்கு முந்தின வருஷம் தோத்தோம். அதுக்கு முந்தியும் தோத்தோம். காத்து நல்லாத்தான் இருந்துச்சு. பெயரை வாசல்ல இருந்து அழிச்சிடறோம். உன் பசங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வா."

வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். இந்தத் தளத்தில் அதைக் கேட்காத காது இல்லை. கோபுரத்தில் கேட்டது, மைதானத்தில் கேட்டது, விருந்தாளிகளின் கூடாரத்தில்கூடக் கேட்டது.

"என்ன சொன்னே?" என்றான் தலைகீழ். சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"தோத்துட்டோம்னு சொன்னேன்."

பிறகு, பொத்தானை விடாமலே அவன் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துவது கேட்டது. "உக்காருங்கடா! எல்லாரும் உக்காருங்க! கதவ மூடு!"

விமானம் இறங்கியதும் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அவளுக்கு அங்கேதான் ஆரம்பம். மடிப்புக்கூடத்தில் நிற்க இடமில்லாமல் கூட்டம். ஒரு பக்கச் சுவரோரம் வவ்வால்கள், எதிர்ச்சுவரோரம் சேவல்கள். மேற்பார்வையாளர் இருபத்து நான்கு மூட்டைகளையும் மேசையில் அடுக்கச் சொன்னார். யார் மடித்ததோ அவரவரே பிரிக்க வேண்டும் என்றார். மைதானத்திலிருந்து அழைத்து வந்த மற்ற ஐந்து பெண்களும் ஆளுக்கு நான்கைப் பிரித்தார்கள். கயிற்றைக் கொத்துக் கொத்தாக விரல் விட்டுப் பார்த்தார்கள். துணியை உதறினார்கள். இருபது மூட்டைகள். ஒன்றிலும் இல்லை.

வவ்வால்களுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. "நம்பி இறங்கினோம் பாரு, நம்ம புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றான் ஒருவன். ஸ்பீக்கர் தன்னால் முடிந்த மெல்லிய குரலில், "அக்கா கொண்டையில சொருகியிருக்கான்னு பாருங்கடா" என்றது கூடம் முழுக்கக் கேட்டது. கொண்டை சுவரில் சாய்ந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடியிருந்தது அவனுக்கு.

மிச்சம் நான்கு. நான்கும் அவள் மடித்தவை.

முதலாவதைப் பிரித்தாள். இல்லை. இரண்டாவது. இல்லை. அப்போதுதான் அவளுக்கு உள்ளே என்னவோ புரண்டது. இதுவரைக்கும், ஓடினபோதும் கத்தினபோதும், எதிலும் இருக்கக்கூடாது கடவுளே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது கொக்கி இல்லாமல் போய்விட்டால்? யாரோ ஒருத்தி தெரியாமல் வீட்டுக்குக் கொண்டு போயிருந்தால்? அந்த மனுஷன் இத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்து சொன்னது சொன்னதுதானே! இனி எத்தனை ஜென்மத்துக்கும் அதை எடுக்க முடியாதே! இருக்கணும், கடவுளே, இருக்கணும் என்று அவள் வேண்டினாள். மூன்றாவதைப் பிரித்தாள். இல்லை. நான்காவதை இழுத்து முன்னால் வைத்தாள். இதுலயாவது இருக்கணும். என் கையெழுத்தாவே இருக்கட்டும், என் வேலை போகட்டும், இதுல இருந்தே தீரணும். வாயசைவு தெரியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள். பத்தொன்பது வருஷத்தில் எதற்காகவும் அவள் அப்படி வேண்டியதில்லை.

கடைசிக் கொத்துக் கயிற்றுக்குள் விரலை விட்டபோது சில்லென்று இரும்பு தட்டியது.

"இருக்கு!" என்று அலறினாள். "இருக்கு! இதோ இருக்கு! பாத்தீங்களா!" கயிற்றோடு சேர்த்துக் கொக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்னங்க, இருக்குங்க!"

கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் கிட்டே வந்து கொக்கியைச் சுற்றியிருந்த கயிறுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றாக எண்ணினார். "இது விரிஞ்சிருக்காது," என்றார். பிறகு மூட்டையின் அட்டையைத் திருப்பி, அதை முதுகில் கட்டிக்கொண்டு போனவனின் எண்ணைப் படித்தார்.

வவ்வால்கள் பக்கத்திலிருந்து ஒருவன் வெளியே வந்தான். முப்பது வயசிருக்கும். வேறெங்கிருந்தோ மாற்றலாகி வந்தவன். பத்துத் தடவை குதித்த பிறகுதான் வவ்வால்கள் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். இவனுக்கு அது பத்தாவது. அதனால் அவனைக் கூப்பிட அங்கே யாரிடமும் ஒரு பெயர்கூட இல்லை. மேசை வரைக்கும் வந்தான். கொக்கியைப் பார்த்தான். தொடலாமா என்று கேட்பதுபோல் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

அவள் தூக்கிய கை அப்படியே நின்றது. சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி இறக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"தம்பி," என்றாள். "நான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்ப்பா. இதுல இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அவனுக்கு அது சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது. சமாதானம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினான். கையை மேசையில் ஊன்றிக்கொண்டான்.

"நல்லவேளை, இருந்துச்சுக்கா," என்றான். "இல்லாமப் போயிருந்தா அண்ணனோட மானம் போயிருக்குமே."

அவள் கொக்கியை வைத்துவிட்டு, பிரித்துப் போட்ட துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.